கோத்திரமும் உம்மத்தும்: இஸ்லாம் வந்தபோது அரபுக் குலங்களுக்கு என்ன ஆனது?

இந்த விஷயத்தில் இரண்டு வகைப் பேச்சைத்தான் அதிகம் கேட்கிறேன். "இஸ்லாம் வந்தது, கோத்திரச் சண்டை ஒழிந்தது, அரபுகள் எல்லோரும் சகோதரர்கள் ஆனார்கள்" என்பது ஒன்று. "ஒன்றும் மாறவில்லை, மக்காவில் நபிகள் பிறந்த குறைஷிகள் என்ற ஒரு கோத்திரம் மற்ற கோத்திரங்களை அடக்கி ஆண்டது, அவ்வளவுதான்" என்பது இன்னொன்று. இரண்டும் அரைகுறை. கோத்திரத்தின் கையில் இருந்த கருவிகளையே, அதாவது அடைக்கலம், ரத்தப் பணம், உடன்படிக்கை, சகோதர உறவு ஆகியவற்றையே, இஸ்லாம் எடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்தியது. அது அவ்வளவு வேகமாக வேர்பிடித்ததற்கும் அதுதான் காரணம், கோத்திரம் கடைசிவரை சாகாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம் என்பது என் முடிவு. எப்படி என்பதைக் கேள்விகளின் போக்கிலேயே சொல்கிறேன்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. அரபியில் கபீலா என்பதைக் கோத்திரம் என்றும், அதற்குள் இருக்கும் கிளைகளைக் குலம் என்றும் எழுதுகிறேன். உம்மத் என்பது ஒரே நம்பிக்கையால் சேர்ந்த சமூகம். பெயருக்கு முன்னால் வரும் 'பனூ' என்றால் 'பிள்ளைகள்' என்று பொருள். பனூ ஹாஷிம் என்றால் ஹாஷிமின் வழிவந்தவர்கள்.

அந்தக் காலத்து அரேபியாவில் அரசே கிடையாதா?

ஓரங்களில் இருந்தது. தெற்கே ஏமனில் ஹிம்யர் அரசு நெடுங்காலம் இருந்தது. வடமேற்கில் கஸ்ஸானியர் பைசாந்தியப் பேரரசுக்கும், வடகிழக்கில் ஹீராவில் இருந்த லக்மியர் பாரசீகத்தின் சாசானியப் பேரரசுக்கும் எல்லைக் காவல் மாதிரி இருந்தார்கள். நடுவில் கிடந்த ஹிஜாஸிலும் நஜ்திலும் அரசர் இல்லை, வரி இல்லை, காவலர் இல்லை, சிறை இல்லை. மக்கா நல்ல வியாபார ஊர், கஅபா இருக்கும் புனித ஊர், ஆனால் அதற்கும் ராஜா கிடையாது. குலத் தலைவர்கள் கூடிப் பேசுவார்கள். பேச்சுக்குக் கட்டுப்படாத குலத்தைக் கட்டுப்படுத்த யாருக்கும் வழி இல்லை.

அப்படியானால் ஒருவருடைய உயிருக்கு என்ன பாதுகாப்பு?

அவருடைய ஆட்கள். அவ்வளவுதான். உங்களை ஒருவன் கொன்றால் உங்கள் குலம் வந்து கேட்கும் என்ற பயம்தான் அவன் கையைத் தடுக்கும். அதனால் குலத்தை விட்டுத் தள்ளிவைக்கப்பட்டவன் நடமாடும் பிணம் மாதிரி. அவனை யார் கொன்றாலும் கேட்க ஆள் இல்லை. வெளியூர் ஆள் ஒருவன் பிழைக்க வேண்டுமானால் உள்ளூர்க்காரர் ஒருவரின் அடைக்கலத்தில் போய் நிற்க வேண்டும். ஜிவார் என்று அதற்குப் பெயர். "இவன் என் பாதுகாப்பில் இருக்கிறான்" என்று ஒரு பெரிய மனிதர் அறிவித்துவிட்டால் அவர் குலமே அந்த ஆளுக்குப் பொறுப்பு.

இந்த வாழ்க்கையில் தனி மனிதனின் நியாயம் அநியாயம் என்பது இரண்டாம்பட்சம். துரைத் இப்னு ஸிம்மா என்ற கவிஞர், தன் கஸிய்யா குலத்தைப் பற்றிச் சொன்ன வரி அரபு இலக்கியத்தில் ரொம்பப் பிரபலம்: நான் கஸிய்யாவைச் சேர்ந்தவன் தானே, அது வழிதவறினால் நானும் வழிதவறுவேன், அது நேர்வழி போனால் நானும் போவேன். இந்த உணர்வுக்குப் பெயர்தான் அஸபிய்யா, குலப்பற்று. இதைக் குருட்டுத்தனம் என்று சுலபமாக ஒதுக்கிவிடாதீர்கள். துரைதுக்கு இது உயிர் பிழைக்கும் வழி.

பழிக்குப் பழி என்று தலைமுறை தலைமுறையாகக் கொன்றுகொண்டது காட்டுமிராண்டித்தனம்தானே?

எல்லை மீறியபோது ஆமாம். பக்ர், தக்லிப் என்ற இரண்டு சகோதரக் கோத்திரங்கள் ஒரு பெண் ஒட்டகத்தை அம்பெய்து கொன்றதில் தொடங்கி 40 ஆண்டு மோதிக்கொண்டதாக மரபு சொல்கிறது; பஸூஸ் போர் என்று பெயர். ஒரு குதிரைப் பந்தயத் தகராறில் அப்ஸும் துப்யானும் ஆண்டுக்கணக்கில் வெட்டிக்கொண்டார்கள்.

ஆனால் காவல் நிலையம் இல்லாத ஊரில் இந்தப் பழிதான் சட்டம் என்பதையும் பார்க்க வேண்டும். கொலை செய்தவன் கிடைக்காவிட்டால் அவன் குலத்தில் யாராவது ஒருவன் போதும், ஏனென்றால் கடன் குலத்தின் மேல். கொல்லப்பட்டவர் பெரிய தலை என்றால் ஒரு உயிர் போதாது, பத்து உயிர் வேண்டும் என்பார்கள். சண்டை முடியாமல் போவது இங்கேதான். இதிலிருந்து வெளியே வர அவர்களே கண்டுபிடித்த வழி ரத்தப் பணம். அரபியில் தியா. ஒரு உயிருக்கு 100 ஒட்டகம் என்பது மக்காவில் வழங்கிய கணக்கு. அப்ஸ், துப்யான் சண்டை நின்றதும் இரண்டு தலைவர்கள் இருபக்கத்து ரத்தப் பணத்தையும் தங்கள் தலைமேல் ஏற்றுக்கொண்டதால்தான். கவிஞர் ஸுஹைர் தம் நெடும்பாட்டில் புகழ்வது அவர்களைத்தான். அதாவது சமாதானம் வேண்டும் என்ற ஏக்கம் அரபுகளிடம் முன்பே இருந்தது. அதை நிலைநிறுத்த ஒரு அதிகாரம்தான் இல்லை.

குறைஷிகள் நபிகளை எதிர்த்தது சிலைகளுக்காக மட்டும்தானா?

சிலைகளும் ஒரு காரணம், கஅபாவைச் சுற்றிய மரியாதையும் வருமானமும் ஒரு காரணம். ஆனால் அவர்களுக்கு ரொம்ப வலித்தது வேறு: 610ல் தொடங்கிய இந்த அழைப்பு வீட்டுக்கு வீடு பிள்ளையைத் தகப்பனிடமிருந்து பிரித்தது. செத்துப்போன முன்னோர்கள் வழிதவறியவர்கள் என்று சொன்னது. முன்னோரின் பெருமையில்தான் குலமே நிற்கிறது என்றால், அது அஸ்திவாரத்தில் கைவைப்பது.

அந்த எதிர்ப்பும் கோத்திர விதிகளுக்குள்தான் நடந்தது என்பதைக் கவனியுங்கள். நபிகளை ஏன் கொல்ல முடியவில்லை? பெரியப்பா அபூதாலிப், பனூ ஹாஷிமின் தலைவர், அடைக்கலத்தை விலக்க மறுத்தார். அவர் பழைய மதத்தை வெளிப்படையாக விடவில்லை, ஆனால் தம்பி மகனைக் கைவிடுவது அவரால் ஆகாத காரியம். 616 வாக்கில் மற்ற குலங்கள் சேர்ந்து பனூ ஹாஷிமையும் பனூ முத்தலிபையும் ஒதுக்கிவைத்தன. கொடுக்கல் வாங்கல் கிடையாது, பெண் கொடுப்பது எடுப்பது கிடையாது. சுமார் மூன்று ஆண்டு. முஸ்லிம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதம் இல்லாமல் அபூதாலிபின் சகோதரர் அபூலஹபைத் தவிர மொத்தக் குலமும் அந்தப் பட்டினியைச் சேர்ந்தே தாங்கியது.

குல பலம் இல்லாதவர்களின் கதை வேறு. அபிசீனிய அடிமை பிலாலைக் கொதிக்கும் மணலில் கிடத்திப் பாறையை ஏற்றினார்கள். யாஸிரும் அவர் மனைவி சுமைய்யாவும் அடைக்கலத்தில் ஒட்டியிருந்த எளியவர்கள், சுமைய்யா கொல்லப்பட்டார். யாரைத் தொடலாம், யாரைத் தொடக்கூடாது என்பதைக் குலம்தான் தீர்மானித்தது.

619ல் அபூதாலிப் இறந்தார். அடுத்துத் தலைமைக்கு வந்த அபூலஹபின் அடைக்கலம் நிலைக்கவில்லை. தாயிஃப் ஊருக்குப் போய்க் கல்லடி பட்டுத் திரும்பிய நபிகளால் சொந்த ஊருக்குள் நுழையவே முடியாத நிலை. கடைசியில் முத்இம் இப்னு அதீ என்ற இன்னொரு குலத்தலைவர், முஸ்லிம் அல்லாதவர், தம் மகன்களுக்கு ஆயுதம் கொடுத்து நிறுத்தி அவரை உள்ளே அழைத்துவந்தார். இந்த முத்இமின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறார்.

622ல் கொலைத்திட்டம் தீட்டியபோதும் அதே கணக்குதான். குலத்துக்கு ஒரு இளைஞன் சேர்ந்து ஒரே நேரத்தில் வெட்ட வேண்டும். ரத்தம் எல்லாக் குலத்துக்கும் பங்கு பிரியும், எல்லோரோடும் சண்டை போட பனூ ஹாஷிமால் முடியாது, வேறு வழியின்றி ரத்தப் பணம் வாங்கிக்கொள்ளும். குறைஷித் தலைவர்களில் ஒருவரான அபூஜஹ்லின் யோசனை இது.

ஹிஜ்ரத்தை ஏன் ஆண்டுக் கணக்கின் தொடக்கமாக வைத்தார்கள்? ஊர் மாறியது அவ்வளவு பெரிய விஷயமா?

622ல் நபிகளும் தோழர்களும் மக்காவை விட்டு யத்ரிபுக்கு, அதாவது பின்னாளைய மதீனாவுக்கு, குடிபெயர்ந்ததுதான் ஹிஜ்ரத். ஊர் மட்டும் மாறவில்லை. நம்பிக்கைக்காக ஒரு கூட்டம் தன் கோத்திரத்தையே விட்டு, ரத்த உறவில்லாத அந்நியர்களின் பாதுகாப்பில் போய் வாழ்வது என்பது அந்தச் சமூகம் காணாத காரியம்.

அழைத்தவர்களுக்கும் ஒரு தேவை இருந்தது. யத்ரிபில் அவ்ஸ், கஸ்ரஜ் என்ற இரு கோத்திரங்கள் தலைமுறைகளாக அடித்துக்கொண்டு 617 வாக்கில் புஆஸ் என்ற இடத்தில் பெரும் சண்டையில் தலைவர்களையே பறிகொடுத்திருந்தன. யார் தலைவர் ஆனாலும் மற்றவர் ஏற்கமாட்டார். வெளியிலிருந்து, இரண்டு பக்கமும் சாராத ஒரு நடுவர் வேண்டும். 621லும் 622லும் அகபா கணவாயில் வந்து உறுதிமொழி கொடுத்தார்கள். இரண்டாவது உறுதிமொழியின் வாசகமே, எங்கள் பெண்டு பிள்ளைகளைக் காப்பது போல உங்களைக் காப்போம் என்பதுதான். பழைய ஜிவாரின் மொழியில் புதிய உறவு.

மதீனா சாசனத்தில் அப்படி என்ன இருக்கிறது?

எனக்கு இந்த விஷயத்தில் ஆகப் பிடித்த ஆவணம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நபிகளின் வரலாறாக நாம் படிப்பதில் பெரும்பகுதி எழுத்தில் தொகுக்கப்பட்டது 8ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும். ஆனால் இந்தச் சாசனம் உண்மையிலேயே அந்தக் காலத்தது என்று சந்தேகப் பேர்வழிகளான ஆய்வாளர்களில் பெரும்பாலோரும் ஒப்புக்கொள்கிறார்கள். காரணம், பிற்காலத்தவர் யாராவது கற்பனையாக எழுதியிருந்தால் இவ்வளவு கோத்திர வாடையோடு எழுதியிருக்க மாட்டார்கள்.

தொடக்கத்திலேயே, குறைஷி, யத்ரிப் முஸ்லிம்களும் அவர்களோடு சேர்ந்து போராடுபவர்களும் "ஒரே உம்மத்" என்கிறது. சரி, அடுத்து என்ன? கோத்திரங்களைக் கலைத்துவிட்டதா? இல்லை. பனூ அவ்ஃப், பனூ ஸாஇதா, பனூ நஜ்ஜார் என்று ஒவ்வொரு குலத்தையும் பெயர் சொல்லி, ரத்தப் பணத்தையும் கைதிகளை மீட்கும் பணத்தையும் முன்பு போலவே நீங்கள் சேர்ந்தே கட்டுங்கள் என்கிறது. மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களையும் ஒரு குலம் மாதிரி கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. குலம் இனி ஒரு காப்பீட்டு நிதி மாதிரி.

பிறகு மேலே ஒரு கூரை போடுகிறது. அநியாயம் செய்பவன் தங்களில் ஒருவரின் மகனாகவே இருந்தாலும் எல்லோரும் சேர்ந்து அவனுக்கு எதிராக நிற்க வேண்டும். தகராறு முற்றினால் அல்லாஹ்விடமும் முஹம்மதிடமும் கொண்டுவர வேண்டும். யத்ரிபின் உட்பகுதி சண்டை தடுக்கப்பட்ட இடம். யூதர்களுக்கு அவர்கள் மார்க்கம், முஸ்லிம்களுக்கு அவர்கள் மார்க்கம். இன்னொரு வாசகம்: அல்லாஹ்வின் அடைக்கலம் ஒன்றே, நம்பிக்கையாளர்களில் ஆகக் கீழே இருப்பவர் கொடுத்த அடைக்கலமும் எல்லோரையும் கட்டும். முன்பெல்லாம் பெரிய தலைகள் மட்டும் கொடுக்க முடிந்த ஜிவாரை இனி ஒரு சாமானியன் கொடுக்கலாம். எட்டு ஆண்டு கழித்து மக்கா வெற்றியின்போது அபூதாலிபின் மகள் உம்மு ஹானி தம் புகுந்த வீட்டு உறவினர்களுக்கு அடைக்கலம் கொடுத்துவிட்டு வந்து நின்றார். அவர் சகோதரர் அலீ அவர்களைக் கொல்லப் பார்க்கிறார். "நீ யாருக்கு அடைக்கலம் கொடுத்தாயோ அவர்களுக்கு நாங்களும் கொடுத்தோம்" என்றார் நபிகள்.

யூதக் கோத்திரங்களோடு என்ன நடந்தது?

உடன்படிக்கை நிலைக்கவில்லை. பனூ கைனுகா 624லும் பனூ நளீர் 625லும் வெளியேற்றப்பட்டார்கள். 627ல் மக்காப் படை மதீனாவைச் சூழ்ந்த அகழிப் போர் முற்றுகையின்போது எதிரிகளோடு கைகோத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட பனூ குறைழாவின் ஆண்கள் கொல்லப்பட்டார்கள், பெண்களும் பிள்ளைகளும் அடிமைகள் ஆனார்கள். தீர்ப்பைச் சொன்னவர் அவ்ஸின் தலைவர் ஸஅத் இப்னு முஆத். அவ்ஸ்தான் குறைழாவின் பழைய கூட்டாளி, எனவே பழைய வழக்கப்படி அவர் அவர்களைக் காப்பாற்றுவார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அவர் புதிய அணியின் பக்கம் நின்று தீர்ப்புச் சொன்னார். இதைப் படிக்கும்போது மனம் கனக்காமல் இருக்காது, மறைக்கவும் வேண்டியதில்லை.

உண்மையிலேயே ரத்த உறவைவிட மார்க்க உறவு பெரிதாக ஆனதா?

பல இடங்களில் ஆனது. முஹாஜிர் ஒருவர், மதீனத்து அன்ஸாரி ஒருவர் என்று ஜோடி ஜோடியாகச் சகோதரர்கள் ஆக்கினார் நபிகள். ஸஅத் இப்னு ரபீஉ என்ற அன்ஸாரி, தம் சொத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும்படி அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபிடம் சொன்னார். அவரோ வாழ்த்திவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள் என்றார். வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் விற்றுத் தொடங்கிப் பிற்காலத்தில் பெரும் செல்வர் ஆனார். இந்தச் சகோதரர்கள் முதலில் ஒருவருக்கொருவர் வாரிசாகக்கூட இருந்தார்கள். பிறகு குர்ஆன் சொத்துரிமையை ரத்த உறவுக்கே திருப்பிக் கொடுத்தது.

624ல் பத்ர் களத்தில் சுமார் 300 பேர் ஒரு பக்கம், ஏறத்தாழ 1,000 பேர் எதிரே, இருபுறமும் சொந்தக்காரர்கள். போர் முடிந்து கைதியாகக் கட்டப்பட்டுக் கிடந்த அபூ அஸீஸைப் பார்த்து அவர் உடன்பிறந்த முஸ்அப், பிடித்த அன்ஸாரியிடம், "இறுக்கிக் கட்டு, இவன் தாய் பணக்காரி, நல்ல மீட்புப் பணம் வரும்" என்றார். "அண்ணா, இதுதான் எனக்காக நீ பேசும் பேச்சா?" என்றதற்கு, "நீ இல்லை, இவர்தான் என் சகோதரர்" என்று பதில். அதே பத்ர் கைதிகளைப் பற்றித்தான் நபிகள், முத்இம் இப்னு அதீ உயிரோடு இருந்து கேட்டிருந்தால் எல்லோரையும் அவருக்காக விட்டிருப்பேன் என்றார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுதாகத் தெரியும். சகோதரனைவிட மார்க்கம் பெரியது என்ற புதிய எண்ணமும், அடைக்கலம் கொடுத்த நன்றியை மறக்கக்கூடாது என்ற பழைய அரபுப் பண்பும் ஒரே களத்தில் இருந்தன.

பழிவாங்குவது நின்றதா?

முறைப்படுத்தப்பட்டது. கொன்றவனுக்கு மட்டுமே தண்டனை, அவன் அண்ணனுக்கோ மாமனுக்கோ இல்லை. ஒரு உயிருக்கு ஒரு உயிர், பத்து இல்லை. மன்னித்தாலோ ரத்தப் பணம் வாங்கினாலோ அது இறைவன் தந்த சலுகை என்கிறது குர்ஆன். 632ல் கடைசி ஹஜ்ஜின் உரையில், அறியாமைக் காலத்து ரத்தப் பழிகள் எல்லாம் ரத்து என்று அறிவித்த நபிகள், முதலில் ரத்து செய்தது தம் சொந்தக் குலத்துக்கு வரவேண்டிய பழியை: ரபீஆ இப்னு ஹாரிஸின் மகனின் ரத்தம். வட்டியை ரத்து செய்தபோதும் முதலில் தம் சிறிய தந்தை அப்பாஸின் வட்டி.

பழைய பழமொழி ஒன்று இருந்தது: உன் சகோதரனுக்கு உதவு, அவன் அநியாயக்காரனானாலும் சரி, அநியாயம் செய்யப்பட்டவனானாலும் சரி. சுத்தமான குலப்பற்று. இதையே நபிகள் சொன்னபோது தோழர்கள் திகைத்து, அநியாயக்காரனுக்கு எப்படி உதவுவது என்று கேட்டார்கள். அவன் கையைப் பிடித்துத் தடுப்பதுதான் அவனுக்குச் செய்யும் உதவி என்றார். பழமொழியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் பொருளை மட்டும் தலைகீழாக்கிய இந்தப் பதிலை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஆனால் பழைய பகை அவ்வளவு லேசில் அடங்கவும் இல்லை. 628ல் குறைஷிகளோடு செய்த ஹுதைபிய்யா ஒப்பந்தம் முறிந்தது எதனால் தெரியுமா? குறைஷிகளின் கூட்டாளியான பனூ பக்ர் (பஸூஸ் போரின் பக்ர் இல்லை, வேறு கோத்திரம்), பழைய ரத்தக் கணக்கைத் தீர்க்க, நபிகளின் கூட்டாளியான குஸாஆவை இரவில் தாக்கியது. 630ல் மக்கா வெற்றிக்கு நேர்க் காரணம் அந்தத் தாக்குதல்தான்.

பெண்களின் நிலை மாறியதா?

சட்டத்தில் நிறைய மாறியது, ஒரே திசையில்தான் என்று சொல்லமுடியாது. பெண் குழந்தையை உயிரோடு புதைக்கும் வழக்கத்தைக் குர்ஆன் கடுமையாகக் கண்டித்தது. இறந்தவரின் மனைவியைச் சொத்தோடு சொத்தாக எடுத்துக்கொள்வதைத் தடுத்தது. திருமணத்தில் மணமகன் தரும் மஹர் பணம் பெண்ணுக்கே சொந்தம் என்றது. வாள் எடுத்துக் குலத்தைக் காப்பவனுக்கே பங்கு என்று இருந்த இடத்தில் மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் பங்கு வைத்தது. மேலே பாதிச் சொத்தைக் கொடுக்க வந்த ஸஅத் இப்னு ரபீஉ 625ல் உஹதுப் போரில் இறந்தார். அவர் சொத்து முழுவதையும் அவர் சகோதரர் எடுத்துக்கொள்ள, மனைவி இரண்டு பெண் பிள்ளைகளோடு நபிகளிடம் வந்து முறையிட்டார். வாரிசுரிமை வசனம் வந்தது: மகள்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு, மனைவிக்கு எட்டில் ஒன்று, மிச்சம்தான் சகோதரருக்கு. மகளுக்கு மகனில் பாதி என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் குலத்தின் சொத்து என்பது குடும்பத்தின் சொத்தாக மாறுவது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

அடிமைகளும் அரபு அல்லாதவர்களும்?

மக்கா வெற்றி நாளில் கஅபாவின் மேல் ஏறி பாங்கு சொன்னவர் பிலால். குறைஷிப் பெரியவர்கள் சிலருக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. "உங்களைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக, உங்களில் இறையச்சம் மிக்கவரே மேன்மையானவர்" என்கிறது ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம். கோத்திரம் இருக்கட்டும், அது அடையாளம் மட்டும், உயர்வு தாழ்வு இல்லை. விடுதலை பெற்ற அடிமை ஸைதின் மகன் உஸாமா இருபது வயதைத் தொடும் முன்பே படைத்தளபதி ஆனார், மூத்த குறைஷிகள் அவர் கீழ். அதற்கும் முணுமுணுப்பு எழுந்தது. அடிமை முறை ஒழியவில்லை. விடுதலை செய்வது புண்ணியம் ஆனது, நூற்றாண்டுகளுக்கு அடிமை முறை தொடர்ந்தது.

நபிகள் இறந்ததும் கோத்திரங்கள் ஏன் விலகின?

ஒப்பந்தம் அவரோடு முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். கோத்திர வழக்கப்படி உடன்படிக்கை என்பது ஆளுக்கு ஆள். 630, 631ல் கூட்டம் கூட்டமாகத் தூதுக்குழுக்கள் மதீனா வந்தபோதே, "நம்பிக்கை கொண்டோம் என்று சொல்லாதீர்கள், பணிந்தோம் என்று சொல்லுங்கள்" என்று பாலைவனக் கோத்திரத்தாரைப் பார்த்துக் குர்ஆன் சொல்லியிருந்தது.

632ல் அவர் மறைந்த அன்றே ஸகீஃபா என்ற கூடத்தில் கூடிய அன்ஸாரிகள் தங்களில் ஒருவரைத் தலைவராக்கப் பார்த்தார்கள். எங்களில் ஒரு அமீர், உங்களில் ஒரு அமீர் என்றும் பேச்சு வந்தது. கஸ்ரஜின் ஸஅத் இப்னு உபாதா தலைவராகிவிடுவாரோ என்ற பழைய பயத்தில் அவ்ஸ்காரர்கள் குறைஷியான அபூபக்ருக்குக் கைகொடுத்தார்கள்; அவர் முதல் கலீஃபா, அதாவது நபிகளுக்குப் பின் வந்த தலைவர், ஆனார். பத்து ஆண்டு சகோதரத்துவத்துக்குப் பிறகும் புஆஸின் நினைவு போகவில்லை.

வெளியே பல கோத்திரங்கள் தொழுகிறோம், ஆனால் ஜகாத் என்ற கட்டாய தர்ம வரியை மதீனாவுக்கு அனுப்பமாட்டோம் என்றன. யமாமாவின் பனூ ஹனீஃபா தன் சொந்த நபியாக முஸைலிமாவை நிறுத்தியது. அவரைப் பொய்யர் என்று தெரிந்தே ஆதரித்த ஒருவர் சொன்னதாகப் பதிவு: "முளரின் உண்மையாளனைவிட ரபீஆவின் பொய்யன் எங்களுக்குப் பிரியமானவன்." முளர் குறைஷிகள் சேர்ந்த கோத்திரக் கூட்டம், ரபீஆ பனூ ஹனீஃபா சேர்ந்த கூட்டம். துரைதின் கவிதை வரி அப்படியே திரும்பி வந்துவிட்டது. நபிகளுக்குக் கொடுத்துவந்த ஒட்டகக் கயிறு ஒன்றைத் தர மறுத்தாலும் போரிடுவேன் என்றார் அபூபக்ர். 633க்குள் எதிர்ப்பு அடங்கியது. தீபகற்பம் முழுவதும் ஒரே இடத்துக்கு வரி கட்டியது வரலாற்றில் அப்போதுதான்.

உமரின் காலத்தில் கோத்திரம் ஒழிந்திருக்க வேண்டுமே?

அபூபக்ருக்குப் பின் வந்த இரண்டாம் கலீஃபா உமர். அங்கேதான் முரண். படைகள் சிரியா, ஈராக், எகிப்து என்று போய்விட்டன. ஒருவரையொருவர் கொள்ளையடிப்பதற்கு இனி இடமில்லை. அந்த வேகமெல்லாம் வெளியே திரும்பியது. குவிந்த செல்வத்தைப் பங்கிட உமர் திவான் என்ற பதிவேட்டைத் தொடங்கினார். முதலில் இஸ்லாத்துக்கு வந்தவருக்கு அதிகம்: பத்ரில் நின்றவருக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம், பின்னால் சேர்ந்த சாதாரண வீரருக்குச் சில நூறு என்று பழைய நூல்கள் சொல்கின்றன. குலப் பெருமையை உடைக்கும் அளவுகோல் அது. ஆனால் பெயர்களை எந்த வரிசையில் எழுதுவது? கோத்திர வரிசையில். வம்சாவளி அறிந்தவர்கள் மூவரை உட்காரவைத்து எழுதச் சொன்னார், அதில் ஒருவர் ஜுபைர், அதே முத்இமின் மகன். நபிகளின் பனூ ஹாஷிமிலிருந்து தொடங்கி நெருக்கத்தின்படி எழுதுங்கள், என் குலத்தை அது வரவேண்டிய இடத்திலேயே வையுங்கள் என்றார் உமர்.

புதிய படை நகரங்களும் அப்படியே. பஸ்ரா ஐந்து பிரிவு, கூஃபா ஏழு பிரிவு, எகிப்தில் ஃபுஸ்தாத், எல்லாவற்றிலும் கோத்திரத்துக்கு ஒரு குடியிருப்பு. சம்பளம் கோத்திரத் தலைவர் வழியாக வந்தது, படைப்பிரிவு கோத்திரத்தின் பெயரில் நின்றது. முன்பு கோத்திரம் உயிரைக் காத்தது. இப்போது சோறும் அதன் வழியாகவே வந்தால் யார் விடுவார்கள்? அரபு அல்லாதவர் முஸ்லிம் ஆனாலும் ஏதாவது ஒரு கோத்திரத்தில் மவ்லா என்ற ஒட்டு உறவாகச் சேரவேண்டியிருந்தது. அரபுகளான தக்லிப் கிறிஸ்தவர்களோ முஸ்லிம் அல்லாதவர் கட்டும் ஜிஸ்யா என்ற பெயரில் வரி கட்டுவது தங்களுக்கு இழுக்கு என்றார்கள். அவர்களிடம் இரண்டு மடங்கு ஜகாத் வாங்க உமர் சம்மதித்தார்.

கைஸ், யமன் சண்டை என்பது என்ன?

அடுத்து கலீஃபாக்களாக ஆண்ட குறைஷி வம்சமான உமய்யாக்கள் காலத்தில் கோத்திரங்கள் சேர்ந்து இரண்டு பெரிய அணிகள் ஆயின: வட அரபு மூதாதையைச் சொல்லும் கைஸ், தென் அரபு மூதாதையைச் சொல்லும் யமன். 684ல் திமிஷ்கு (டமாஸ்கஸ்) அருகே மர்ஜ் ராஹித்தில் யமன் பக்கத்துக் கல்ப் கோத்திரத்தின் பலத்தில் மர்வான் கலீஃபா ஆனார், கைஸ்காரர்கள் ஏராளமாக மடிந்தார்கள். இது பழைய பாலைவனச் சண்டையின் தொடர்ச்சி இல்லை. பதவிக்கும் பதிவேட்டுப் பணத்துக்கும் நடந்த புதுச் சண்டை, பழைய பெயர்களில். ஸ்பெயினில் குடியேறிய அரபுகள் அங்கேயும் கைஸ், யமன் என்று மோதினார்கள். 1711ல் லெபனான் மலையின் ஐன் தாராவில்கூட இரு பக்கத்துக்கும் பெயர் கைஸ், யமன்தான்.

பிறகு எப்போதுதான் குறைந்தது?

750ல் உமய்யாக்களை வீழ்த்தி, நபிகளின் சிறிய தந்தை அப்பாஸின் வழிவந்த அப்பாஸியர் வந்ததும். குராசானிலிருந்து வந்த அவர்கள் படையில் மவ்லாக்கள் நிறைய இருந்தார்கள். பிறகு துருக்கியப் படைகள் வந்தன. 833ல் கலீஃபா முஅத்தஸிம் எகிப்தில் அரபுகளைத் திவானிலிருந்தே நீக்கச் சொன்னார். சம்பளம் நின்றது, நகரத்தில் கோத்திரத்தின் பிடியும் தளர்ந்தது. சட்டம், ஹதீஸ், இலக்கணம் எல்லாவற்றிலும் மவ்லா வம்சத்து அறிஞர்கள் முன்னுக்கு வந்தார்கள். பஸ்ராவின் ஹஸன் அப்படி உமய்யாக்கள் காலத்திலேயே வந்த ஒருவர். பாலைவனத்தில் கோத்திரம் அப்படியே இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் அஸபிய்யா என்ற அதே சொல்லை எடுத்து, அரசுகள் எழுவதும் விழுவதும் அதனால்தான், அதோடு மார்க்கம் சேரும்போதுதான் பெரிய அரசு பிறக்கிறது என்று எழுதினார்.

இன்றைக்கும் இருக்கிறதா?

இருக்கிறது. தமீமி, ஹர்பி, உதைபி, ஷம்மரி என்று பெயரிலேயே கோத்திரம் வரும். ஜோர்டானில் கொலை நடந்தால் போலீஸ் வழக்கு ஒரு பக்கம், இரு குலப் பெரியவர்களும் உட்கார்ந்து அத்வா என்ற தற்காலிக சமாதானம் பேசுவது இன்னொரு பக்கம். வளைகுடா வேலைக்குப் போய்க் கொலை வழக்கில் மாட்டியவர்களுக்காக ஊரார் ரத்தப் பணம் திரட்டும் செய்திகளை நாமும் படிக்கிறோம். 2011ல் சவூதி அரேபியா, தற்செயலான மரணத்துக்கான ரத்தப் பணத்தை 1 லட்சம் ரியாலிலிருந்து 3 லட்சமாக உயர்த்தியது. சொன்ன காரணம், ஒட்டகத்தின் விலை ஏறிவிட்டது. கணக்கு இன்னும் 100 ஒட்டகம்தான்.